கடல் தாண்டிய உத்தரவு

ஏப்ரல் 17, வெள்ளி

நாளைக்கு அந்தமான். "சாகசக் குடும்பச் சுற்றுலா" என்று பெயர். கடலுக்கடியில் நீச்சல், காட்டுக்குள் நடை, வாழைப்பழம் மாதிரி ஒரு ரப்பர் படகில் ஏறிக் கவிழ்வது, எல்லாம் அதில் அடக்கமாம். மூன்று குழாயிலும் அடைப்பு, ஒரு மாதத்துக்குள் பைபாஸ் பண்ணியாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன ஆளை மற்ற ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். ஈரோட்டுக்காரர்கள் நாங்கள் கடலுக்கடியில் கூட்டிப் போகிறோம்.

ஆள் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரர் சென்னியப்பனை. மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். ஒரு விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்து, இது எந்தப் பக்கத்துக் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். நெஞ்சு வலித்தால் மட்டும் அது நெஞ்சு என்று அவருக்குத் தெரியாது. வாயு என்பார்.

டாக்டர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, சென்னிமலை முருகன் என்ன சொல்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்றார். எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதற்கும் பூக் கேட்போம், கிணறு வெட்டுவதற்கும் பூக் கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் உத்தரவு இல்லை. அன்றைக்கு அகப்பட்ட குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிவப்பை எடுத்துக் கொடுத்தது. பாதி ஆயுசைப் படிப்பிலும் மீதியை நெஞ்சைப் பிளப்பதிலும் கழித்த டாக்டர் ஒரு பக்கம், பால்பல் விழாத குழந்தை ஒரு பக்கம். குழந்தை ஜெயித்துவிட்டது.

மறுநாளே டிக்கெட் போட்டுவிட்டார். கடலைப் பார்க்காமலே இருந்துவிட்டேனே அம்மிணி என்கிறார். ராமேஸ்வரம் போயிருக்கிறோம், கன்னியாகுமரி போயிருக்கிறோம். அதெல்லாம் கடல் இல்லையாம், கரையாம்.

பிள்ளைகளிடமும் வாயு என்றுதான் சொல்லியிருக்கிறோம். மூத்தவள் தாரணி பெங்களூரில் வேலை பார்க்கிறாள், லீவு போட்டு வந்திருக்கிறாள். சின்னவன் நித்தின் பிளஸ் டூ எழுதிவிட்டு சோபாவோடு ஒட்டிக் கிடக்கிறான். அன்றைக்கு டாக்டரிடம் துணைக்கு வந்தவன்கூட, வெளியே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டுதான் இருந்தான். டாக்டரிடம் இந்தச் சுற்றுலாவைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவர் நெஞ்சும் தாங்க வேண்டுமே.

சிவப்பு வந்தபோது என் மனசில் என்ன ஓடியது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அரிசி, பருப்பு, தட்டை, எள்ளுருண்டை, ஊறுகாய், ரைஸ் குக்கர் எல்லாம் கட்ட வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன், ஒன்று என் கைப்பையில், இன்னொன்று ஜாக்கெட்டுக்குள்.

ஏப்ரல் 18, சனி

வந்து சேர்ந்தாயிற்று. கோயமுத்தூர் விமான நிலையத்தில் ரைஸ் குக்கரைத் திறந்து, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, தட்டிப் பார்த்தார்கள். நெஞ்சுக்குள் மூன்று அடைப்போடு ஒருத்தர் நடந்து போனார், அவருக்கு மணி அடிக்கவில்லை.

போர்ட் பிளேரில் இறங்கியதும் ஜெயிலைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். ஒரு காலத்தில் சங்கிலி போட்டு இழுத்து வந்த இடம். நாங்கள் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம். மாடிக்கு ஏற வேண்டாம், கீழேயே எல்லாம் தெரிகிறது என்று சொல்லிப் பார்த்தேன். மேலே ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் கடலைப் பார்த்தபடி நின்றார். காற்று நன்றாக இருக்கிறதாம். காற்றை வாங்குகிற முகம் எப்படி இருக்கும், மூச்சை வாங்குகிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கட்டிக்கொண்டு இருபத்தாறு வருசம் ஆயிற்று.

நித்தின் அவர் தோளில் இருந்த பையைக் கேட்காமலேயே வாங்கிக்கொண்டான். வீட்டில் தண்ணீர் குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத பிள்ளை. தீவுக் காற்று யாரையெல்லாமோ மாற்றுகிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

கப்பலில் ஹேவ்லாக் தீவுக்கு வந்தோம். சாகசம் இன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் நான், தாரணி, நித்தின், முன் சீட்டில் இருந்த தேனிலவுத் தம்பதி எல்லோரும் ஆளுக்கொரு கவரைப் பிடித்துக்கொண்டோம். அந்தப் பெண் நேற்று வைத்த மருதாணிக் கையால் புருசன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கல்யாண வாழ்க்கையை நல்ல இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டையை நொறுக்கிக்கொண்டு, சாப்பிடு அம்மிணி, வெறும் வயிறுதான் பொரட்டும் என்றார். கப்பலிலேயே ஆரோக்கியமான ஆள் அவர்தான்.

விடுதி தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. எங்கள் காட்டில் இல்லாத தென்னையா என்று கேட்டேன். இந்தத் தென்னைக்குக் கீழே கடல் இருக்கிறதாம்.

ஏப்ரல் 20, திங்கள்

காட்டு வழியாக நடந்து போய் ஒரு கடற்கரையை அடைய வேண்டும் என்பது இன்றைய ஏற்பாடு. படகில் போனால் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விடலாம். ஆனால் படகில் போவது சாகசம் இல்லையே.

வேர்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம். அவர் அடிக்கடி நின்றார். ஒவ்வொரு முறையும், "அங்க பாரு சாமி, பறவ" என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். முதல் தடவை நிஜமாகவே ஒரு பறவை இருந்தது. அதற்குப் பிறகு மரம்தான் இருந்தது. தாரணி ஒவ்வொரு தடவையும், "ஆமாப்பா, என்ன கலருப்பா" என்று கேட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள். அந்தப் பிள்ளைக்குப் பறவை என்றால் கோழி மட்டும்தான் தெரியும், அதுவும் குழம்பில்.

பாதி வழியில் ஒரு பெரிய வேரில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. இடது கையை மடியில் வைத்து, வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மாத்திரையை எடுத்து, ஏலக்காய் வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஏலக்காயை யாராவது நாக்குக்கு அடியில் வைப்பார்களா?

கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல ஏலக்காய்" என்றார். அவர் விரல் என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கடற்கரைக்குப் போனோம். மணல் வெள்ளையாக இருந்தது. வேறென்ன இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்று ஓய்வு நாள். அவர் தூங்கினார். நான் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவர் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தீவில் வேறு சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது.

ஏப்ரல் 22, புதன்

கடலுக்கடியில் போகிற நாள் வந்தேவிட்டது. வேண்டாம் என்று காலையில் சொன்னேன், காபியோடு சொன்னேன், இட்லியோடு சொன்னேன். கட்டியாகிவிட்டது, போகாவிட்டால் திருப்பித் தரமாட்டார்கள் என்றார். எதைத் திருப்பித் தரமாட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் முறை என்றார்கள். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ராகு காலம். என் வீட்டுக்காரர் விடுவாரா? கெஞ்சிக் கூத்தாடி முன்னாலேயே மாற்றி வாங்கினார். ராகு காலத்தில் கடலில் இறங்கினால் ஆபத்தாம். அடைப்போடு இறங்கினால் பரவாயில்லையாம்.

சொல்லிக் கொடுக்கிற பையன் பெயர் ரூபன். தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்துப் பக்கமிருந்து இங்கே வந்த குடும்பமாம், தமிழும் இந்தியும் கலந்து பேசுகிறான். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, பிரஷர் உண்டா, ஆஸ்துமா உண்டா, இருதயத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டான். என் வீட்டுக்காரர், "ஒண்ணுமில்லீங்க தம்பி, கொஞ்சம் வாயு" என்றார். அவன் வாயுவைப் பற்றிக் கவலைப்படவில்லை. ரப்பர் உடுப்பைக் கொடுத்தான். மூட்டைக்கு உறை சின்னதாகிவிட்டது, இரண்டு பேர் பிடித்து இழுத்து ஜிப் போட்டார்கள். முதுகில் உருளையைக் கட்டினார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மண்டியில் நல்ல விலை படிந்த நாளில் சிரிக்கிற சிரிப்பு.

நான் கரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பதாக ஏற்பாடு. நின்றேன். இடுப்பு ஆழத்தில் ரூபன் அவருக்கு மூச்சு விடுகிற பழக்கம் கொடுத்தான். அவர் தலையைத் தண்ணீருக்குள் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மூன்றாம் தடவை எடுப்பதற்குக் கொஞ்சம் தாமதமானது. குடை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன்.

"தம்பி, அவர வெளிய கூட்டியாங்க. நெஞ்சுல மூணு அடைப்பு இருக்குது. ஆப்பரேசன் பண்ணச் சொல்லியிருக்காங்க. பொய் சொல்றாருங்க."

கடற்கரையே திரும்பிப் பார்த்தது. தேனிலவுத் தம்பதிகூட. ரூபனுக்கு முகம் வெளுத்துவிட்டது. உருளையைக் கழற்றினான். உடுப்பையும் உரித்து எடுத்து, கரையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்தான். என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கவில்லை.

"பெத்த புள்ளைக முன்னால ஏம்மிணி?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது நித்தின் சொன்னான். அன்றைக்கு டாக்டர் அறைக் கதவைச் சாத்தவே இல்லையாம். எல்லாமே அவன் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறான். "நீங்க ரெண்டு பேரும் வாயுன்னு சொன்னீங்க, சரி, நாங்களும் வாயுன்னே வெச்சுக்கிட்டோம்" என்றான். மூன்று வாரமாக நான்கு பேரும் ஒரே பொய்யை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு ஒற்றுமையான குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. காபி வேண்டுமென்றால், "உங்கம்மாட்டச் சொல்லு" என்று நித்தினிடம் சொல்கிறார். நானும், குடுத்தாச்சுன்னு உங்கப்பாட்டச் சொல்லு என்கிறேன். மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

பிள்ளைகள் அவரை விடவில்லை. ஆப்பரேசன் செய்துகொள்ள வேண்டும் என்று தாரணி அழுதாள். நித்தின் போனில் எதையெதையோ எடுத்துக் காட்டினான். எல்லாவற்றுக்கும் அவர் பதில் ஒன்றுதான், ஆண்டவன் உத்தரவு இல்லை. திங்கட்கிழமை காட்டுக்குள் அவர் முகத்தைப் பார்த்தவள் நான். மனிதருக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் மூன்று வாரமாக ஊரெல்லாம் சிவப்பு வந்ததைச் சொல்லிக்கொண்டு திரிந்துவிட்டு இப்போது எப்படித் திரும்புவது? மண்டிக்காரருக்குச் சொன்ன சொல்லை மாற்றுவதைவிட நெஞ்சைப் பிளப்பது சுலபம்.

தாரணிதான் அந்த வழியைக் கண்டுபிடித்தாள். ஈரோட்டு மார்க்கெட்டில் பஞ்சாயத்து ஆன விஷயம் சேலத்து மண்டியில் செல்லுமா அப்பா என்று கேட்டாள். அதெப்படிச் செல்லும், அந்த ஊர்ப் பஞ்சாயத்து வேறு என்றார். "அப்பச் சென்னிமல உத்தரவு கடலு தாண்டி எப்படீங்கப்பா செல்லும்?" என்றாள்.

பிள்ளையைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை.

ஒரே கோயிலில் ஒரே காரியத்தை இரண்டாம் தடவை கேட்கக் கூடாது என்பது வழக்கம். வேறு கோயில், வேறு மண், நடுவில் இவ்வளவு தண்ணீர் என்றால் அது புது வழக்கு. அவர் எழுந்து போய் ஷேவ் செய்துகொண்டார். கண்ணாடியைப் பார்த்தபடியே, போர்ட் பிளேரில் முருகன் கோயில் இருக்கிறதா என்று உங்கம்மாவிடம் கேள் என்றார். அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவர் வெள்ளையைத்தான் எதிர்பார்க்கிறார். அது தெரிந்ததும் நான் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

எழுத மாட்டேன் என்றதை இப்போது எழுதிவிடுகிறேன். சென்னிமலையில் சிவப்பு வந்தபோது எனக்கு "அப்பாடா" என்றிருந்தது. என் அப்பாவை ஆப்பரேசனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள், துணியால் சுற்றித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். சிவப்பு வந்தால் இவரை உள்ளே அனுப்ப வேண்டியதில்லை. அவ்வளவுதான் நினைத்தேன். அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த நிமிசம் நினைக்கவில்லை. சாகசம் என்று இவரைக் கேலி செய்துகொண்டிருக்கிறேனே, பெட்டி கட்டிக் கூட வந்தவள் யார்?

ஏப்ரல் 24, வெள்ளி

காலையில் கப்பல் ஏறி போர்ட் பிளேர் திரும்பினோம். கடல் இன்றைக்கு மரியாதையாக இருந்தது.

நம் ஆட்கள் கட்டிய முருகன் கோயில் ஒன்று மேட்டின் மேல் இருக்கிறது. சாயங்காலம் போனோம். குருக்களிடம் விஷயத்தைச் சொன்னால், இங்கே அந்தப் பழக்கம் இல்லை, அர்ச்சனை வேண்டுமானால் செய்கிறேன் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது கடல் தாண்டியும் செல்லும் போலிருக்கிறது. தாரணி அவரைத் தனியாகக் கூட்டிப் போய் அப்பாவின் நெஞ்சைப் பற்றிச் சொன்னாள். மனசு இளகிவிட்டது. பொட்டலத்தை நீங்களே கட்டிக் கொடுங்கள் என்றார்.

கோயில் வாசலிலேயே நந்தியாவட்டை இருந்தது. விடுதி வேலியில் பறித்த செம்பருத்தி என் பையில் இருந்தது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டும்போது தாரணி குனிந்து, ரெண்டுலயும் வெள்ளயவே வெச்சிருங்கம்மா, யாருக்குத் தெரியப் போகுது என்றாள். நான் நினைக்காததையா அவள் சொல்லிவிட்டாள்? நேற்றிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளையை எடுத்து இரண்டாவது பொட்டலத்தில் வைக்கக்கூடச் செய்தேன். பிறகு எடுத்துவிட்டேன். மூன்று வாரமாக அவரிடம் பொய், பிள்ளைகளிடம் பொய். இன்னொரு பொய்யைத் துணைக்கு வைத்து அவரை அந்த மேஜையில் படுக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. ஒழுங்காகத்தான் கட்டினேன்.

தீபாராதனை ஆயிற்று. எடுப்பதற்குக் குழந்தை வேண்டுமே. சுற்றுலா வந்த வங்காளிக் குடும்பத்தில் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் இருந்தது. அதன் அப்பாவுக்கு நித்தின் இந்தியில் எப்படி விளக்கினானோ, அவர் பரிசுக் குலுக்கல் என்று நினைத்துக்கொண்டு செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். குழந்தை இரண்டு பொட்டலத்தையும் அள்ளப் பார்த்தது. ஒன்றுதான் என்றார் குருக்கள். யோசித்தது. ஒன்றை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தது.

அவர் பிரித்தார்.

செம்பருத்தி.

வங்காளிக்காரர் கை தட்டினார். குருக்கள் அவருக்கு வேண்டாம் என்று ஜாடை காட்டினார். தாரணி என்னைப் பார்த்த பார்வையை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். என் வீட்டுக்காரர், "சரி உடு. ரெண்டு கோயல்லயும் ஒரே பேச்சு" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை. திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"நில்லுங்க" என்றேன்.

நின்றார். அந்தக் கோயிலில், அத்தனை பேர் நடுவில், சாமியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

"முருகனுக்கு வள்ளி, தெய்வான ரெண்டு பேருங்க. எனக்கு நீங்க ஒருத்தருதான். இந்தக் கணக்கு அவருக்குப் புரியாதுங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு வரீங்க."

"உத்தரவு இல்லாமப் போயி ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"ஊரு எம்மேல போடட்டும். காலத்துக்கும் நான் சொமக்கறேன். சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே உங்களப் பறிகுடுக்க என்னால ஆகாதுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

அவ்வளவுதான் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இருபத்தாறு வருசத்தில் எதற்கெல்லாமோ வாய் கிழியப் பேசியிருக்கிறேன், இந்த ஒன்றைச் சொன்னதில்லை.

அவர் கையில் அந்தச் செம்பருத்தி இன்னும் இருந்தது. சாமி கொடுத்த பூ, கீழே போட முடியாது. சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார், கசங்கிவிடும் என்று எடுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, பிள்ளைகள், குருக்கள், வங்காளிக் குடும்பம் அத்தனை பேரும் பார்க்க, என் தலையில் வைத்துவிட்டார். கல்யாணத்தன்றைக்குக்கூட அவர் அத்தையைத்தான் வைக்கச் சொன்னார்கள். கோணலாக வைத்தார். காதின் மேல் தொங்கியது.

"டாக்டருக்குப் போனப் போடு சாமி" என்று நித்தினிடம் சொன்னார்.

ஏப்ரல் 25, சனி

வீடு திரும்பும் விமானத்தில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். முக்கால்வாசி நேரம் மேகம்தான். நான் அழுதுகொண்டு வந்ததை அவர் பார்க்கவில்லை, அல்லது மேகத்தைப் பார்த்தார்.

ஏப்ரல் 29, புதன்

கோயமுத்தூரில் சேர்த்தாயிற்று. அந்தமான் போனதைக் கேட்டதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் படித்தவர்தானே அம்மா என்று கேட்டார். ஆமாங்க, பி.ஏ. என்றேன்.

அவருடைய அக்கா பவளக்கொடி விசயமங்கலத்திலிருந்து போன் போட்டார். சிவப்பு வந்த பிறகும் கத்தி வைக்கத் துணிந்த பொம்பளையை அவர் பார்த்ததே இல்லையாம். ஒரு தடவை சொன்னால் போதாது என்று நான்கு தடவை சொன்னார். நாளைக்குக் கிளம்பி வருகிறாராம், ஆறுதலுக்கு.

சம்மதக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். முருகன் போடாத கையெழுத்து.

ஏப்ரல் 30, வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பெரிதாக இருக்கிறது, என் கட்டை விரலில் போட்டிருக்கிறேன். இன்னும் வெளியே வரவில்லை.

மே 1, வெள்ளி

கண் விழித்துவிட்டாராம். ஆப்பரேசன் நன்றாக நடந்தது என்று டாக்டர் வந்து சொன்னார். அவர் சொல்லும்போது நான் கேட்டேன், புரிந்தது. அவர் போன பிறகு நித்தினைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னேன்.

மே 2, சனி

இன்றைக்கு என்னை உள்ளே விட்டார்கள். ஒருத்தர்தான், சித்த நேரம்தான் என்றார்கள். பச்சை அங்கி, முகத்துக்கு மாஸ்க், தலைக்கு ஒரு தொப்பி எல்லாம் மாட்டிவிட்டார்கள். நெஞ்சில் பெரிய கட்டு. பக்கத்தில் ஒரு பெட்டி பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேலையை இப்போது அது பார்க்கிறது.

ரொம்பச் சின்னதாகிவிட்டார் போலிருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்க அக்கா வந்து வெளிய உக்காந்திருக்காங்க. பாக்கறீங்களா, இல்ல மறுக்கா மயக்க ஊசி போடச் சொல்லட்டுங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே வலித்து முகம் கோணி, கையால் நெஞ்சைப் பிடிக்கப் போனார். பெட்டி படபடவென்று அடித்தது. நர்ஸ் ஓடிவந்து ஒரு சின்னத் தலையணையை அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, என்னிடம், "சிரிக்க வெக்காதீங்கம்மா, தையல் இழுக்கும். பேசாம இருக்கறதா இருந்தா இருங்க, இல்லேன்னா வெளிய போயிருங்க" என்றாள்.

பேசாமல் உட்கார்ந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஸ்டூலில், கையை மடியில் வைத்தபடி. என்னால் முடியும் என்று எனக்கே தெரியாது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இப்பிடிப் பேசாம உக்காராத அம்மிணி. எனக்குப் பயமா இருக்குது."

நர்ஸ் கடைசிக் கட்டில் பக்கம் போகிறவரைக்கும் காத்திருந்தேன். பிறகு வாயைத் திறந்தேன்.